ஆஃபலியின் கோட்டைகளும் மாளிகைகளும்: ஆவணத் தேடலை எந்தக் காப்பகத்தில் தொடங்குவது?

அயர்லாந்தின் ஆஃபலி கவுண்டியில் ஒரு பழைய கோட்டையின் அல்லது நிலக்கிழார் மாளிகையின் வரலாற்றை எழுத உட்காருபவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். டப்ளினில் மட்டும் தேசிய நூலகம், தேசிய ஆவணக் காப்பகம், பத்திரப் பதிவகம், ஐரிஷ் கட்டடக்கலை ஆவணக் காப்பகம் என்று நான்கு இடங்கள் இருக்கின்றன. டல்லமோர் நகரில் கவுண்டியின் சொந்தக் காப்பகம் இருக்கிறது. கடல் கடந்து லண்டனின் கியூ (Kew) பகுதியில் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகமும் உண்டு. முதலில் எங்கே போவது?

தவறான இடத்தில் தொடங்கினால் பல வாரங்கள் வீணாகும். காரணம், இந்தக் காப்பகங்கள் எதுவும் வீட்டின் பெயரை முதன்மையாக வைத்து அடுக்கப்படவில்லை. ஒன்று நிலத்தின் பெயரால் அடுக்கப்பட்டிருக்கிறது, ஒன்று பத்திரம் எழுதிக் கொடுத்தவர் பெயரால், ஒன்று கட்டடக் கலைஞர் பெயரால், ஒன்று இழப்பீடு கேட்டவர் பெயரால். ‘லெப் கோட்டை’ என்று மட்டும் தட்டச்சு செய்து தேடுபவருக்குப் பேய்க் கதைகள்தான் குவியும்.

## 1922-இல் எல்லாம் எரிந்துவிட்டதா?

1922 ஜூன் 30 அன்று டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவண அலுவலகம் எரிந்தது. அதோடு எல்லாம் போயிற்று என்று கைவிட்டவர்கள் பலர். மாளிகைகளைப் பொறுத்தவரை அது சரியல்ல. எரிந்தவை உயில்கள், சான்சரி நீதிமன்றச் சுருள்கள், 1821 முதல் 1851 வரையான மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளின் பெரும்பகுதி, அயர்லாந்து திருச்சபையின் பங்கு (பாரிஷ்) பதிவேடுகளில் பாதிக்கு மேல். பத்திரப் பதிவகம் ஹென்ரியெட்டா தெருவில் தனியாக இருந்தது; தப்பியது. நில மதிப்பீட்டுப் புத்தகங்களில் பெரும்பகுதியும் தப்பியது. எஸ்டேட் கணக்குகள் அந்தந்தக் குடும்பங்களின் கையிலோ அவர்களுடைய வழக்கறிஞர்களின் அலமாரியிலோ இருந்தன.

## தேடுமுன் கையில் இருக்க வேண்டியவை

ஆஃபலி என்ற பெயர் நிர்வாகப் பதிவுகளில் புதிது. 1556-இல் கவுண்டியாக வகுக்கப்பட்டபோது அது கிங்ஸ் கவுண்டி. அயர்லாந்து விடுதலை பெற்ற காலம் வரை அப்படியே இருந்தது. பர் நகரம் பார்சன்ஸ்டவுனாகவும், டாங்கன் பிலிப்ஸ்டவுனாகவும் பதிவாகியிருக்கும். இந்தப் பழைய பெயர்களை இட்டுத் தேடாவிட்டால் பட்டியல்கள் கைவிரிக்கும்.

அடுத்தது டவுன்லேண்ட். அயர்லாந்தில் நிலம் சார்ந்த எல்லாப் பதிவுக்கும் அடிப்படை அலகு இதுதான். நம் வருவாய்க் கிராமத்தைவிடப் பல மடங்கு சிறியது. அதற்கு மேல் பங்கு, அதற்கும் மேல் பாரனி. கிங்ஸ் கவுண்டியில் பாரனிகள் 12. உங்கள் வீடு எந்த டவுன்லேண்ட், எந்தப் பங்கு, எந்தப் பாரனி என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிய பிறகே அடுத்த அடி வைக்க வேண்டும். 1830களிலும் 40களிலும் வெளிவந்த ஆறு அங்குல (ஒரு மைலுக்கு ஆறு அங்குலம்) ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு நில அளவை வரைபடத்தை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். மாளிகையைச் சுற்றிய சொந்தத் தோட்ட நிலம் அதில் சாம்பல் நிழலிட்டுக் காட்டப்பட்டிருக்கும் என்பதால் வீட்டை எளிதில் கண்டுபிடிக்கலாம். பெரிய தோட்டம் இரண்டு மூன்று டவுன்லேண்டுகளில் பரவியிருக்கும். வாயில்காப்பாளர் குடில் ஒன்றிலும் மாளிகை இன்னொன்றிலும் இருப்பது சகஜம். எல்லாப் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

## எந்த அளவுகோல்களால் எடைபோடுவது

முதல் அளவுகோல் உங்கள் கேள்வி. வீடு யாருடையது, எப்படிக் கட்டப்பட்டது, உள்ளே வாழ்க்கை எப்படி நடந்தது, எப்படி அழிந்தது என்பவை நான்கு வெவ்வேறு கேள்விகள். நான்குக்கும் ஒரே காப்பகம் விடை தராது. இரண்டாவது, எந்தக் காலத்துக்கு அந்தப் பதிவை நம்பலாம் என்பது. மூன்றாவது, எந்தத் தகவலைக் கொண்டு உள்ளே நுழைய முடியும் என்பது. நான்காவது, அயர்லாந்துக்குப் போகாமலே எவ்வளவு பார்க்கலாம் என்பது. கடைசியாக, வெளியே தெரியாத செலவு. கட்டணத்தைவிட இங்கே நேரமும் அனுமதியும்தான் விலை அதிகம்.

| வழி | நம்பக்கூடிய காலம் | நுழையத் தேவையானது | எதற்குச் சிறந்தது | தொலைவிலிருந்து | மறைவான செலவு |
|---|---|---|---|---|---|
| மதிப்பீட்டுப் புத்தகங்கள் | 1840கள் – 1970கள் | டவுன்லேண்ட் | யார் குடியிருந்தார், வீட்டின் அளவு, எப்போது மாற்றம் | முற்பகுதி இலவசம் | வண்ண நகல் இல்லாவிட்டால் ஆண்டு தெரியாது |
| பத்திரப் பதிவகம் | 1708 முதல் | எழுதிக் கொடுத்தவர் பெயர் அல்லது நிலம் | உரிமை, அடமானம், திருமண ஒப்பந்தம் | பெரும்பகுதி இலவசம் | மிகுந்த நேரம் |
| எஸ்டேட் ஆவணங்கள் | குடும்பத்துக்குக் குடும்பம் மாறும் | குடும்பப் பெயர் | அன்றாட வாழ்க்கை, செலவு, ஆட்கள் | பட்டியல் மட்டும் | சிதறல், அனுமதி |
| கட்டடக்கலை ஆவணக் காப்பகம் | 18-ஆம் நூற்றாண்டு முதல் | வீடு அல்லது கட்டடக் கலைஞர் | வரைபடம், புகைப்படம் | அகராதியும் பட்டியலும் | கட்டப்படாத திட்டங்கள் |
| இழப்பீட்டுக் கோப்புகள் | 1919 – 1920களின் இறுதி | உரிமை கோரியவர் பெயர் | எரிந்த வீட்டின் உட்பொருட்கள் | பட்டியல் மட்டும் | ஒருதலைப்பட்ச மதிப்பு |

## மதிப்பீட்டுப் புத்தகங்கள்

வீட்டின் பெயரைத் தவிர வேறெதுவும் தெரியாதவர் இங்கேதான் தொடங்க வேண்டும். இது எங்கள் உறுதியான கருத்து. வேறு எந்தத் தொகுப்பும் ஒரே இடத்தை 130 ஆண்டுகளுக்கு மேல் இடைவிடாமல் பின்தொடரவில்லை.

வரிக்காக நிலத்தையும் கட்டடத்தையும் அரசு மதிப்பிட்டு எழுதிய இந்தப் பதிவில் மூன்று அடுக்குகள் உண்டு. நடுவில் இருப்பது 1847 முதல் 1864 வரை கவுண்டி கவுண்டியாக அச்சான கிரிஃபித் மதிப்பீடு. குடியிருப்பவர், அவருக்கு நேர் மேலே உள்ள குத்தகை கொடுப்பவர், சொத்தின் விவரம், பரப்பு, நிலத்துக்கும் கட்டடத்துக்கும் தனித்தனி மதிப்பு ஆகியவை வரிசையாக இருக்கும். குத்தகை கொடுப்பவர் கட்டத்தில் ‘இன் ஃபீ’ என்று இருந்தால் குடியிருப்பவரே முழு உரிமையாளர். இது இணையத்தில் இலவசம்.

அதற்கு முந்தைய அடுக்கைப் பலர் பார்ப்பதே இல்லை. அச்சுக்கு முன் மதிப்பீட்டாளர்கள் களத்தில் எழுதிய ‘வீட்டுப் புத்தகங்கள்’ தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் படங்களாக இருக்கின்றன. ஒவ்வொரு கட்டடத்தின் நீளம், அகலம், உயரம் அடிக்கணக்கில் பதிவாகியிருக்கும். பெரிய மாளிகையை அவர்கள் ஒரே எண்ணில் அடக்கவில்லை. முதன்மைக் கட்டடம், பின்புற நீட்சி, பக்கச் சிறகு, நிலவறை, குதிரைலாயம், வண்டிக் கொட்டகை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. இந்த அளவுகளைக் கட்டத்தாளில் செவ்வகங்களாக வரைந்து, ஆறு அங்குல வரைபடத்தின் மேல் பொருத்திப் பாருங்கள். இன்று இல்லாத சிறகு எங்கே நின்றது என்பது பல சமயம் இந்த வேலையிலேயே தெரிந்துவிடும்.

அளவுக்குப் பக்கத்தில் ஒரு எண்ணும் எழுத்தும் இருக்கும். எண் கூரையையும் சுவரையும் குறிக்கும்; 1 என்றால் கல்லோ செங்கல்லோ சுண்ணாம்புச் சாந்தில் கட்டி ஸ்லேட் வேய்ந்த வீடு. எழுத்து தரத்தையும் வயதையும் சொல்லும்: ‘ஏ’ உறுதியான நல்ல கட்டடம், ‘பி’ புதிதல்ல ஆனாலும் நல்ல நிலை, ‘சி’ பழையது. கூட்டல் கழித்தல் குறிகளால் இவை மேலும் நுணுக்கப்படும். செதுக்குக் கல் அலங்காரம் உள்ள வீட்டுக்கு ‘ஏ கூட்டல்’. 1840களில் ‘சி’ பெற்ற வீட்டை 1830களில் புதிதாகக் கட்டியது என்று எழுதும் உள்ளூர் நூலை நம்ப வேண்டாம்.

மூன்றாவது அடுக்கு திருத்தப் புத்தகங்கள். குடியிருப்பவரோ கட்டடமோ மாறியபோது பழைய வரியை அடித்துப் புதியதை வேறு நிற மையில் எழுதினார்கள். ஆண்டும் அதே நிறத்தில் ஓரத்தில் இருக்கும். ஆகவே கறுப்பு வெள்ளை நகல் வாங்கினால் எந்த மாற்றம் எந்த ஆண்டு என்பது அறவே தெரியாது. வண்ண நகலைத்தான் கேட்க வேண்டும். இந்தப் புத்தகங்கள் முன்பு மதிப்பீட்டு அலுவலகத்தில் இருந்தன. 2023 மார்ச் முதல் அந்த அலுவலகம் டால்ச்சா ஏரன் என்ற அரசு அமைப்பில் சேர்ந்துவிட்டது.

தவறு நேரும் இடங்கள் மூன்று. மதிப்பு என்பது ஓர் ஆண்டு வாடகைக்கு என்ன வரும் என்ற கணக்கு. கட்டுமானச் செலவோ விற்பனை விலையோ அல்ல. யாரும் வாடகைக்கு எடுக்க மாட்டாத பிரம்மாண்டக் கோட்டையின் மதிப்பு அதனால் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவாக இருக்கும். இரண்டாவதாக, திருத்தம் நிகழ்ந்த ஆண்டும் எழுதப்பட்ட ஆண்டும் ஒன்றல்ல. ஓரிரு ஆண்டு பிந்தலாம். கட்டட மதிப்பு சரிந்த ஆண்டை வீடு இடிந்த ஆண்டாக எழுதாமல், ‘அந்த ஆண்டுக்குள்’ என்று எழுதுவதே நேர்மை. மூன்றாவதாக, கிரிஃபித் மதிப்பீட்டோடு இணையத்தில் இணைத்துக் காட்டப்படும் வரைபடங்கள் பல இடங்களில் பிந்தைய பதிப்பு. எண்கள் பொருந்தாவிட்டால் நீங்கள் தவறவில்லை, வரைபடம்தான் வேறு.

இதே மூச்சில் 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் பார்த்துவிடலாம், முழுவதும் இலவசம். குடும்பப் படிவத்தோடு நிற்காமல் ‘பி1’ என்ற கட்டடப் படிவத்தையும் ‘பி2’ என்ற வெளிக்கட்டடப் படிவத்தையும் திறக்க வேண்டும். முன்புறச் சன்னல்களின் எண்ணிக்கை, குதிரைலாயங்கள், பால் அறை எல்லாம் அவற்றில் உண்டு. ஆனால் 13 அல்லது அதற்கு மேற்பட்ட அறைகள் உள்ள வீடுகள் எல்லாம் ஒரே வகுப்பில் அடைபடும். எனவே பெரிய மாளிகைகளின் அளவை ஒப்பிட அறைக் கணக்கு உதவாது. கணக்கெடுப்பு நடந்தது 1901 மார்ச் 31, 1911 ஏப்ரல் 2 ஆகிய இரவுகளில். அன்று குடும்பம் லண்டனிலோ டப்ளினிலோ இருந்திருந்தால் வேலையாட்கள் மட்டுமே பதிவாகியிருப்பார்கள். வீடு கைமாறிவிட்டது என்று அதை வைத்து முடிவுகட்டக் கூடாது.

## பத்திரப் பதிவகம்

1708-இல் தொடங்கிய இந்தப் பதிவகம் கத்தோலிக்கர்களுக்கு எதிரான தண்டனைச் சட்டங்களின் பிள்ளை. கத்தோலிக்கர் கைக்கு நிலம் போகாமல் கண்காணிப்பதே நோக்கம். 31 ஆண்டுக்கு மேல் அவர்கள் குத்தகை எடுக்கவும் முடியாது. எனவே 18-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதிக்கு இங்கே இருப்பவை புராட்டஸ்டன்ட் நிலக்கிழார்களின் பத்திரங்கள்தான். 1778, 1782 சட்டத் தளர்வுகளுக்குப் பிறகே கத்தோலிக்கப் பெயர்கள் அதிகம் தோன்றும். மாளிகை ஆய்வுக்கு இது தற்செயலாகச் சாதகம். பழைய ஐரிஷ் குலங்களான கேலிக் குடும்பங்களின் வழித்தோன்றல்களைத் தேடுவோருக்கு இது பெரிய ஓட்டை.

பதிவகத்தில் இருப்பது மூலப்பத்திரம் அல்ல. மெமோரியல் என்ற சுருக்கம். தேதி, தரப்பினர், சாட்சிகள், நிலத்தின் விவரம் இருக்கும். தொகை பெரும்பாலும் விடுபட்டிருக்கும். பதிவு செய்வது கட்டாயமும் இல்லை. 21 ஆண்டுக்கு மேற்படாத குத்தகைகள் இந்த ஏற்பாட்டுக்கு வெளியே. எனவே ஒரு விற்பனை இங்கே இல்லை என்பதால் அது நடக்கவில்லை என்று ஆகாது.

தேடும் முறை இது. இரண்டு அட்டவணைகள் உண்டு. பெயர் அட்டவணை எழுதிக் கொடுத்தவரை மட்டுமே சேர்க்கும். வாங்கியவர் பெயர் அதில் வராது. உங்கள் குடும்பம் எஸ்டேட்டை வாங்கியது எப்போது என்று அறிய விற்றவரின் பெயர் தேவை. அது தெரியாதபோது உங்கள் குடும்பம் முதன்முதலாக அடமானம் வைத்த அல்லது குத்தகை கொடுத்த பத்திரத்தைப் பிடியுங்கள். அதற்குச் சற்று முன்புதான் நிலம் கைக்கு வந்திருக்கக்கூடும். 1833 வரை பெயர் அட்டவணையில் இடம் குறிப்பிடப்படாது என்பதால், பொதுவான குடும்பப் பெயர் என்றால் நூற்றுக்கணக்கான வரிகளைத் திறந்து பார்க்க நேரும்.

நில அட்டவணை கவுண்டி வாரியாகவும், முதல் எழுத்து வாரியாகவும் இருக்கும். முதல் எழுத்துக்குள் அகரவரிசை இல்லை. ‘பாலி’ என்று தொடங்கும் டவுன்லேண்டுகள் நிறைந்த நாட்டில் இதன் பொருள், அந்த எழுத்தின் எல்லாப் பக்கங்களையும் வாசிக்க வேண்டும் என்பதே. சுமார் 1828-க்குப் பிறகு பாரனி வாரியாகப் பிரித்தார்கள், வேலை பாதியாகும். எந்த அட்டவணையில் கண்டாலும் புத்தக எண், பக்கம், மெமோரியல் எண் என்ற மூன்றையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபேமிலிசர்ச் என்ற குடும்ப வரலாற்றுத் தளத்தில் இந்த அட்டவணைகளும் நகல் புத்தகங்களும் மைக்ரோஃபிலிம் படங்களாக இருப்பதால் சென்னையிலோ டொரன்டோவிலோ இருந்தபடியே பார்க்கலாம்.

நிலத்தைப் பொறுத்தவரை மிகுந்த தகவல் தருவது திருமண ஒப்பந்தம்: குடும்பத்தின் எல்லா டவுன்லேண்டுகளும், இரு தரப்பு அறங்காவலர்களும் ஒரே பத்திரத்தில் வருவார்கள். ஆனால் வீடு எப்படி இருந்தது என்று பதிவகம் சொல்லாது. ‘முதன்மை வசிப்பிடமும் வெளிக்கட்டடங்களும்’ என்ற வழக்கமான வாய்பாடு மட்டுமே இருக்கும். அதை வைத்து அந்த ஆண்டில் மாளிகை நின்றது என்று முடிவுசெய்வது ஆபத்து. இடிந்து ஒரு தலைமுறை கழிந்த பின்னும் பழைய பத்திரத்தைப் பார்த்து அதே வரியை எழுதியிருப்பார்கள்.

## எஸ்டேட் ஆவணங்கள்

எல்லோரும் முதலில் ஓட விரும்புவது இங்கேதான். குத்தகைப் பேரேடுகள், ஏஜென்டின் கடிதங்கள், தோட்டக்காரர் கூலி, கொத்தனார் பில், அறைவாரிப் பொருட்பட்டியல் என்று ஒரு வீட்டின் உயிர் இவற்றில்தான் இருக்கிறது. ஆனால் முதல் படியாக இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். குடும்ப மரமும் டவுன்லேண்ட் பட்டியலும் இல்லாமல் பேரேட்டைத் திறந்தால் எதைப் பார்ப்பது என்றே தெரியாது.

ஆஃபலியில் இரண்டு எதிர் எதிரான உதாரணங்கள் உள்ளன. பர் கோட்டையில் பார்சன்ஸ் குடும்பம் 1620 முதல் இருந்துவருகிறது. 1845-இல் 72 அங்குல ஆடியோடு இயங்கத் தொடங்கிய ராட்சதத் தொலைநோக்கியைக் கட்டிய மூன்றாம் ராஸ் பிரபுவின் வீடு அது. அவருடைய மனைவி மேரி ராஸ் புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவர். ஆவணங்கள் இன்றும் கோட்டையிலேயே இருக்கின்றன. அவற்றுக்கு ஏ. பி. டபிள்யூ. மால்கம்சன் தயாரித்த விரிவான விவரப்பட்டியலை ஐரிஷ் கையெழுத்துச் சுவடி ஆணையம் 2008-இல் வெளியிட்டது. அந்த நூலை முதலில் வாசித்து, தேவையான கோப்பு எண்களைக் குறித்து, பிறகு எழுதி அனுமதி கேட்பதே ஒழுங்கு. தனியார் காப்பகத்தில் அனுமதி உரிமை அல்ல, மரியாதை. ‘பர் பற்றி எல்லாம் பார்க்க வேண்டும்’ என்று எழுதும் கடிதத்துக்கும், குறிப்பிட்ட நான்கு கோப்புகளைக் கேட்கும் கடிதத்துக்கும் ஒரே வரவேற்பு கிடைக்காது.

சார்ல்வில் கோட்டை இதற்கு நேர்மாறு. டல்லமோருக்கு வெளியே பிரான்சிஸ் ஜான்ஸ்டன் வடிவமைத்து 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கோதிக் கட்டடம். கடைசியில் அது சார்லஸ் ஹோவர்ட்-பரியிடம் வந்தது. 1921-இல் எவரெஸ்ட்டுக்குச் சென்ற முதல் ஆய்வுப் பயணத்துக்குத் தலைமை தாங்கியவர் அவர். அவர் வாழ்ந்ததோ பக்கத்து வெஸ்ட்மீத் கவுண்டியின் பெல்வடியர் மாளிகையில். கோட்டையின் பொருட்கள் 1948-இல் ஏலம் போயின. சார்ல்வில் குடும்பக் கடிதங்களில் ஒரு முக்கியத் தொகுதி மார்லே ஆவணங்கள் என்ற பெயரில் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ‘சார்ல்வில்’ என்று மட்டும் டப்ளினில் தேடுபவர் இதைத் தவறவிடுவார். காகிதம் வீட்டோடு தங்குவதில்லை, வாரிசோடு போகிறது. ஆகவே கடைசி மூன்று தலைமுறைகளின் வாரிசு வரிசையை எழுதி, ஒவ்வொருவரும் எங்கே இறந்தார் என்று பார்ப்பதே தேடலின் பாதி.

டிக்பி குடும்பத்தின் கீஷில் எஸ்டேட் ஆவணங்கள் போன்ற உள்ளூர்த் தொகுப்புகளுக்கு டல்லமோரின் ஆஃபலி ஆவணக் காப்பகத்தைப் பாருங்கள்; பட்டியல் இணையத்தில் உள்ளது. தேசிய நூலகத்துக்கு இரண்டு கருவிகள் உண்டு: ஒன்று அதன் பொதுப் பட்டியல், மற்றொன்று ‘சோர்சஸ்’ தரவுத்தளம். ரிச்சர்ட் ஹேஸ் தொகுத்து 1965-இல் 11 தொகுதிகளாக வந்த சுவடிப் பட்டியலே பின்னதன் முதுகெலும்பு. வெளிநாட்டில் உள்ள ஐரிஷ் சுவடிகளையும் அது காட்டும். இரண்டிலும் தேடுங்கள், ஒன்றில் இருப்பது மற்றதில் இல்லாமல் போகலாம். கால்வே பல்கலைக்கழகத்தின் நிலக்கிழார் எஸ்டேட் தரவுத்தளம் மிக நல்லது. ஆனால் அது கொனாக்ட், மன்ஸ்டர் மாகாணங்களை மையமாகக் கொண்டது. லெயின்ஸ்டரில் உள்ள ஆஃபலிக்கு அதை நம்பி இறங்க வேண்டாம்.

குடும்ப ஆவணமே எஞ்சவில்லை என்றால், கடன்பட்டவர்களின் நிலத்தை விற்க 1849-இல் அமைந்த வில்லங்க எஸ்டேட் நீதிமன்றத்தின் அச்சிட்ட விற்பனை அறிக்கைகள் அருமையான மாற்று. குத்தகைதாரர் பட்டியல், எஸ்டேட் வரைபடம், சில சமயம் மாளிகையின் கல்லச்சுப் படமும் இருக்கும். அவை விளம்பரங்கள் என்பதை மறக்க வேண்டாம். வீட்டைப் பற்றிய வர்ணனை வாங்குபவரை இழுப்பதற்காக எழுதியது.

நில ஆணையத்தின் ஆவணங்களையும் பலர் கேட்கிறார்கள். 1881 முதல் எஸ்டேட்டுகளைப் பிரித்துக் குடியானவர்களுக்கு மாற்றிய அந்த ஆணையம் 1999-இல் கலைந்தது. உரிமைப் பத்திரச் சுருக்கங்கள் உட்படப் பெருந்தொகுப்பு போர்ட்லீஷில் இருக்கிறது. ஆனால் பொது ஆய்வாளர்களுக்குத் தாராளமாகத் திறக்கப்படவில்லை. தேசிய நூலகத்தில் உள்ள பட்டியலைப் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் ஆய்வின் அட்டவணையை மட்டும் அதைச் சார்ந்து அமைக்காதீர்கள்.

## ஐரிஷ் கட்டடக்கலை ஆவணக் காப்பகம்

1976-இல் தோன்றி இப்போது மெரியன் சதுக்கம் 45-இல் இயங்கும் இந்தக் காப்பகத்துக்குப் போகுமுன் வீட்டிலிருந்தே முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. அவர்களுடைய 1720–1940 ஐரிஷ் கட்டடக் கலைஞர் அகராதி இணையத்தில் இலவசம். வீட்டின் பெயரையும் கவுண்டியையும் இட்டால் யார், எந்த ஆண்டு, என்ன வேலை என்பதோடு, ‘ஐரிஷ் பில்டர்’ இதழின் எந்தப் பக்கத்தில் செய்தி என்பது வரை கிடைக்கும்.

காப்பகத்தின் மர்ரே தொகுப்பில் பிரான்சிஸ் ஜான்ஸ்டனின் வரைபடங்கள் இருப்பதால் சார்ல்வில் போன்ற வீட்டுக்கு இதைத் தவிர்க்கவே முடியாது. மாறாக பர் கோட்டையின் கோதிக் மாற்றங்களில் வீட்டுக்காரர் சர் லாரன்ஸ் பார்சன்ஸே பென்சிலோடு இறங்கியவர்; அந்த வரைபடங்களைக் கோட்டையின் ஆவணங்களில்தான் தேட வேண்டும்.

இங்கே அடிக்கடி நேரும் பிழை, வரைபடத்தைக் கட்டடமாக எண்ணுவது. கட்டடக் கலைஞர்கள் இரண்டு மூன்று திட்டங்களைக் கொடுத்தார்கள்; பணமில்லாமல் பாதியில் நின்றவையும் உண்டு. ஒவ்வொரு வரைபடத்தையும் 1888-க்கும் 1913-க்கும் இடையே வந்த 25 அங்குல ஆர்ட்னன்ஸ் வரைபடத்தோடு ஒப்பிட்டு, நிஜமாகவே கட்டப்பட்ட பகுதிகளை மட்டும் ஏற்க வேண்டும். அச்சில் வெளியிட நினைத்தால் படங்களுக்கான அனுமதியை ஆரம்பத்திலேயே கேளுங்கள். நூல் அச்சுக்குப் போகும் வாரத்தில் கேட்டால் தாமதம் உங்களுடையது.

## எரிந்த வீடுகளின் இழப்பீட்டுக் கோப்புகள்

லெப் கோட்டை, கீஷில் கோட்டை ஆகியவை 1922-லும் டரோ ஆபி 1923-லும் எரிந்தன. விடுதலைப் போரிலும் அதைத் தொடர்ந்த உள்நாட்டுப் போரிலும் எரிக்கப்பட்ட இத்தகைய வீடுகளுக்கு மட்டும் கிடைக்கும் வழி இது. எந்தக் காப்பகம் என்பதைத் தீர்மானிப்பது தேதி. 1921 ஜூலை 11 போர்நிறுத்தத்துக்கு முன் எரிந்திருந்தால் பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்து அமைத்த இழப்பீட்டு ஆணையத்தின் பதிவுகள், கியூவில் சி.ஓ. (காலனி அலுவலகம்) 905 என்ற தொகுப்பில். அதற்குப் பின் என்றால் 1923-ஆம் ஆண்டின் சொத்துச் சேத இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் வந்த நிதித்துறைக் கோப்புகள், டப்ளின் தேசிய ஆவணக் காப்பகத்தில். டப்ளின் தந்தது போதாது என்று லண்டனிடம் முறையிட்டவர்களின் மனுக்கள் கியூவில் சி.ஓ. 762. லெப் கோட்டைக்கு எனவே டப்ளினும் சி.ஓ. 762-ம், 905-ஐத் தேடுவது வீண்.

நல்ல கோப்பு ஒன்றில் அறை அறையாகப் பொருட்பட்டியலும், மீண்டும் கட்ட ஆகும் செலவுக்குப் பொறியாளர் மதிப்பீடும், அரசுத் தரப்பு ஆய்வாளரின் எதிர்மதிப்பீடும் இருக்கும். பட்டியலை எழுதியவர் எல்லாவற்றையும் இழந்து நினைவிலிருந்து எழுதியவர், பணமும் எதிர்பார்த்தவர். பொருள் இருந்தது என்பதற்கு அவரை நம்பலாம், விலைக்கு எதிர்மதிப்பீட்டையும் சேர்த்துப் படியுங்கள். கேட்ட தொகை, தீர்ப்பான தொகை, உண்மையில் கொடுத்த தொகை ஆகிய மூன்றும் வேறு வேறு. அதே இடத்தில் கட்டினால்தான் பணம் என்ற நிபந்தனையும் பல தீர்ப்புகளில் உண்டு. வீடு ஏன் திரும்ப எழவில்லை என்ற கேள்விக்கு விடை அங்கே இருக்கலாம்.

## 1700-க்கு முந்தைய கோபுரக் கோட்டைகள்

மேலே சொன்ன ஐந்தும் ஓ’கேரல்கள் என்ற கேலிக் குலத்தின் காலக் கோட்டைக்கு நேரடியாக உதவாது. இங்கே அச்சான மாற்றுகளே துணை. சான்சரி விசாரணைச் சுருள்களின் சுருக்கம் லெயின்ஸ்டர் மாகாணத்துக்கு 1826-இல் லத்தீனில் அச்சாகியிருந்தது. மூலம் எரிந்தும் உள்ளடக்கம் தப்பியது. கிங்ஸ் கவுண்டி அதில் அடக்கம். எரிந்தவற்றின் மாற்றுகளைத் திரட்ட 2022-இல் தொடங்கிய மெய்நிகர் ஆவணக் கருவூலத்தையும் பாருங்கள்.

1656–58-இல் வில்லியம் பெட்டி நடத்திய டவுன் சர்வேயின் பாரனி வரைபடங்களை டிரினிட்டி கல்லூரித் தளத்தில் பார்க்கலாம். பறிமுதலான நிலங்களை அளப்பதே அந்தச் சர்வேயின் நோக்கம். புராட்டஸ்டன்ட் உரிமையாளரின் நிலம் பெரும்பாலும் வெறுமையாக விடப்பட்டது. அங்கே கோட்டை காட்டப்படவில்லை என்பதை ஆதாரமாகக் கொள்ளக் கூடாது. கட்டடத்தின் இன்றைய நிலைக்கு 1997-இல் வந்த ஆஃபலி தொல்லியல் விவரப்பட்டியலும், தேசிய நினைவுச் சின்னத் துறையின் இணைய வரைபடமும் போதும்.

## உங்கள் நிலைக்கு எது

வீட்டின் பெயரும் ஒரு பழைய படமும் மட்டும் உண்டென்றால் மதிப்பீட்டுப் புத்தகமும் ஆறு அங்குல வரைபடமும். குடும்பப் பெயர் தெரிந்து 18-ஆம் நூற்றாண்டில் நிற்பவருக்குப் பத்திரப் பதிவகம். தொலைவில் இருப்பவருக்கு அதுவே அதிகம் தருவதும்கூட. பாதுகாக்கப்பட்ட கட்டடத்தைப் பழுதுபார்க்கத் திட்ட அனுமதி கேட்பவர் எஸ்டேட் பேரேடுகளில் மாதங்களைச் செலவிட வேண்டியதில்லை: கட்டடக்கலை ஆவணக் காப்பகம், வீட்டுப் புத்தக அளவுகள், 25 அங்குல வரைபடம் மூன்றும் சேர்ந்தாலே எந்தப் பகுதி மூலக் கட்டடம், எது சேர்க்கை என்று காட்டிவிடலாம். வேலையாட்கள், குத்தகைக் குடியானவர்கள் பற்றி எழுதுபவருக்கு எஸ்டேட் ஆவணத்துக்கு மாற்றே இல்லை. அவர் சிதறலையும் காத்திருப்பையும் ஏற்றுத்தான் ஆக வேண்டும்.

டப்ளினில் ஒரே நாள்தான் என்றால் கில்டேர் தெருவின் தேசிய நூலகத்தையும் மெரியன் சதுக்கத்தின் கட்டடக்கலைக் காப்பகத்தையும் ஜோடியாக வையுங்கள். இரண்டும் சில நிமிட நடைதான். பத்திரப் பதிவகம் ஆற்றுக்கு வடக்கே இருக்கிறது, அதன் வேலையை வீட்டிலேயே முடிக்கலாம் என்பதால் அந்த நாளில் சேர்க்க வேண்டாம். பிஷப் தெருவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு இழப்பீட்டுக் கோப்பு எண் கையில் இருந்தால் மட்டும் போங்கள். எந்த இடத்துக்கும் முன்கூட்டியே எழுதி, கோப்புகள் அன்று வாசிப்பறையில் கிடைக்குமா, வாசகர் அட்டை வேண்டுமா, சொந்தக் கேமராவில் படமெடுக்கலாமா என்ற மூன்றையும் உறுதி செய்துகொள்ளுங்கள். வெளிக் கிடங்கில் உள்ள கோப்பு கேட்ட அன்றே வந்து சேராமல் போகலாம்.